முதல் 50 ஆட்டங்களில் 31 தோல்வி: 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் உலகத் தொடரை வென்றது எப்படி?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2019-ஆம் ஆண்டு வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 19-இல் மட்டுமே வென்றிருந்தது. அப்படிப்பட்ட அணி அதே ஆண்டு அக்டோபரில் உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக்கின் பட்டத்துக்கான இறுதித் தொடரை, எப்படி வென்றது, அது வெறும் அதிர்ஷ்டம்தானா என்பது கேள்வி. ஐபிஎல் பார்த்துப் பழகியவருக்கு இந்தச் சந்தேகம் எழுவது இயல்பே. அங்கே தொடக்கத்தில் இவ்வளவு தோற்ற அணிக்குத் தேறி வர அவகாசமே இருக்காது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் தோற்றுக்கொண்டிருந்தபோதும் அது வலுவான அணிதான். அதன் பெரிய கோளாறு ஒரே இடத்தில், அதாவது பந்து வீசுபவர்களான பிட்சர்களில் மாற்றாக வருபவர்களிடம் இருந்தது. ஆறு மாதம் நீளும் பருவத்தில் அந்தக் கோளாறை மறைக்க முடியாது. அக்டோபர் மாதத்தின் ஆட்ட அட்டவணையில் மறைக்க முடியும். நேஷனல்ஸ் பயிற்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இது விளங்க வேண்டுமானால் பருவத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். மொத்தம் 30 அணிகள்; அவை இரண்டு லீக்குகளாகவும், ஒவ்வொரு லீக்கும் சில பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. அனேகமாகத் தினமும் ஆட்டம் உண்டு. மிகச் சிறந்த அணிகூட ஐம்பது, அறுபது ஆட்டங்களில் தோற்கும். 2019-இல் அதிக வெற்றி பெற்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் கணக்கு 107 வெற்றி, 55 தோல்வி. எனவே ஒரு வாரத்தின் தோல்விகளை வைத்து அணியை எடைபோடும் வழக்கம் இந்த விளையாட்டில் கிடையாது. ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் சராசரியாக ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் வீசுவார். அப்படி ஐந்து பேர் முறைவைத்துக்கொண்டு ஐந்து நாளுக்கு ஒருமுறை களமிறங்குவார்கள். ஒன்பது இன்னிங்ஸில் எஞ்சியவற்றை மாற்றுப் பிட்சர்கள் வீசுவார்கள். 'புல்பென்' என்று அழைக்கப்படுவது இந்த மாற்றுப் பிட்சர்களின் கூட்டத்தைத்தான். ஆட்டத்திலிருந்து ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது என்பதால், புல்பென் பலவீனமாக இருந்தால் எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸில் கையிலிருக்கும் வெற்றி நழுவிப் போகும்.

நேஷனல்ஸ் அணிக்கு நழுவவிட்ட வரலாறும் இருந்தது. மான்ட்ரியல் எக்ஸ்போஸ் என்ற அணி 2005-இல் இடம்பெயர்ந்து வாஷிங்டனுக்கு வந்ததில் பிறந்தது இது. அதற்கு முன் 33 ஆண்டுகள் அந்த நகருக்கு மேஜர் லீக் அணியே இல்லை. 2008-இலும் 2009-இலும் நூறு தோல்விகளுக்கு மேல் கண்ட பிறகு, மோசமாகத் தோற்ற அணிக்குப் புதிய இளம் வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புத் தரும் 'டிராஃப்ட்' முறையில் முதலிடம் கிடைத்ததைப் பயன்படுத்தி ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், பிரைஸ் ஹார்ப்பர் ஆகியோரை அடுத்தடுத்து எடுத்தார்கள். 2012, 2014, 2016, 2017 ஆகிய நான்கு ஆண்டுகளில் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தும், நான்கு முறையும் பிளே-ஆஃபின் முதல் தொடரிலேயே வெளியேறினார்கள். 2012-இல் நடந்தது இன்றும் விவாதிக்கப்படுகிறது. முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வந்திருந்த ஸ்ட்ராஸ்பர்க்கின் கையைக் காப்பாற்ற வேண்டும் என்று, சுமார் 160 இன்னிங்ஸோடு செப்டம்பரிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் இல்லாத அணி ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 என்று முன்னிலை பெற்றும் தோற்றது. 2019 தொடங்குவதற்குச் சற்று முன்பு ஹார்ப்பரும் 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்பியா பில்லீஸ் அணிக்குப் போய்விட்டார். நட்சத்திரம் போன பின் இந்த அணியிடம் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள்.

உண்மையில் நிறையவே இருந்தது. மேக்ஸ் ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், 14 கோடி டாலருக்குப் புதிதாக ஒப்பந்தமான பேட்ரிக் கார்பின், அனுபவசாலியான அனிபால் சான்செஸ் என்று தொடக்கப் பிட்சர்கள் நால்வர். மட்டையில் ஆன்டனி ரெண்டோன், இருபது வயது யுவான் சோட்டோ, ட்ரே டர்னர். மற்ற பலர் முப்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆண்டு மேஜர் லீக்கிலேயே வயது முதிர்ந்த அணி இதுதான். முதல் இரண்டு மாதங்களில் இந்த அணி முழுதாகக் களத்தில் இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே பந்தைத் தட்டிவிட முயன்ற டர்னரின் ஆள்காட்டி விரல் முறிந்தது. ரெண்டோன், சோட்டோ, மூத்த வீரர் ரையன் சிம்மர்மேன் ஆகியோரும் வெவ்வேறு காயங்களுடன் வெளியே உட்கார்ந்தார்கள். இதற்கிடையில் புல்பென் சரிந்தது. மே 2 அன்று பிட்சிங் பயிற்சியாளரை நீக்கிவிட்டு பால் மென்ஹார்ட்டை அமர்த்தினார்கள். உடனடிப் பலன் ஏதும் தெரியவில்லை.

மிகத் தாழ்ந்த நாள் மே 23. நியூயார்க்கில் மெட்ஸ் அணியிடம் நான்கு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் நேஷனல்ஸ் 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது கார்லோஸ் கோமஸ் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 6-4 தோல்வி, தொடரின் நான்கு ஆட்டங்களும் பறிபோயின. நடுவருடன் வாதிட்டு மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் அன்று வெளியேற்றப்பட்டார். கணக்கு 19-31 ஆனது. இந்த நிலையில் மேலாளரை நீக்குவதும், ஒப்பந்தம் முடியவிருந்த ரெண்டோனை வேறு அணிக்கு மாற்றிவிட்டு இளைஞர்களை வாங்கிக்கொள்வதும் வழக்கமான முடிவுகள். பொது மேலாளர் மைக் ரிசோ இரண்டையும் செய்யவில்லை. இந்தப் பருவத்தின் மிக முக்கியமான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். தோல்விகளில் பெரும்பகுதி யாரால் வந்தது, காயம்பட்டவர்கள் திரும்பினால் எது சரியாகும், எது சரியாகாது என்பதைப் பிரித்துப் பார்த்தவர்களால்தான் அந்தப் பொறுமையைக் காட்ட முடியும்.

அடுத்த 112 ஆட்டங்களில் 74 வெற்றி, 38 தோல்வி; மூன்றில் ஏறத்தாழ இரண்டு ஆட்டம் வெற்றி. மாயம் எதுவும் நிகழவில்லை. காயம் ஆறியவர்கள் திரும்பி வந்து தங்கள் வழக்கமான ஆட்டத்தை ஆடினார்கள். ரெண்டோன் .319 சராசரியுடன் (அதாவது பத்து முயற்சிகளில் மூன்றுக்கு மேல் 'ஹிட்', அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்வது) 34 ஹோம் ரன் அடித்து, 126 ரன்களை உள்ளே கொண்டுவந்து, அந்தக் கணக்கில் மேஜர் லீக் முழுவதிலும் முதலிடம் பிடித்தார். சோட்டோவும் 34 ஹோம் ரன் அடித்தார். ஸ்ட்ராஸ்பர்க் 209 இன்னிங்ஸ் வீசி 18 ஆட்டங்களில் வெற்றி கண்டார். ஷெர்சர் ஜூன் 18 அன்று பயிற்சியில் பந்தைத் தட்டிவிட முயன்று, அது முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. மறுநாளே கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன முகத்துடன் வந்து பில்லீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ அணி விடுவித்த ஹெரார்டோ பாராவையும் இங்கே குறிப்பிட வேண்டும். மட்டையாளர் களத்துக்கு நடந்துவரும்போது அவர் தேர்ந்தெடுத்த இசை ஒலிப்பது அங்கே வழக்கம். பாரா தன் சிறு மகளுக்குப் பிடித்த, சுறாக்குட்டி பற்றிய 'பேபி ஷார்க்' என்ற குழந்தைப் பாட்டைப் போடச் சொன்னார். சில வாரங்களில் மைதானம் முழுவதும் இரு கைகளையும் சுறாவின் வாயைப் போல் விரித்துத் தட்ட ஆரம்பித்தது. இது வெற்றிகளைத் தேடித் தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மாதம் தினமும் ஒரே அறையில் உடை மாற்றிக்கொள்ளும் நடுத்தர வயது வீரர்களுக்கு அந்த மகிழ்ச்சி தேவைப்பட்டது என்பதை அவர்களின் முகங்களில் காண முடிந்தது.

புல்பென் மட்டும் கடைசி வரை தேறவில்லை. மாற்றுப் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.66 ரன் விட்டுக்கொடுத்தார்கள். நேஷனல் லீக்கின் 15 அணிகளில் அதுவே மிக மோசம். செப்டம்பர் 3 அன்று நடந்த ஆட்டம் இந்த அணியின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டியது. மீண்டும் மெட்ஸ்தான் எதிரணி. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் புல்பென் ஐந்து ரன் கொடுத்தது. மெட்ஸ் 10-4 என்று முன்னேறியது. ரசிகர்களில் பலர் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாம் பாதியில் நேஷனல்ஸ் வரிசையாக அடித்து ரன் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் கர்ட் சுசூகி மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 11-10 என்று ஆட்டத்தை முடித்தார். ஒரே இன்னிங்ஸில் ஏழு ரன்.

கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்று, 93-69 என்ற கணக்கில் பருவத்தை முடித்தார்கள். தங்கள் பிரிவில் 97 வெற்றியுடன் முதலிடம் பிடித்தது அட்லான்டா பிரேவ்ஸ். இங்கே ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். நேஷனல்ஸ் 162 ஆட்டங்களில் 873 ரன் எடுத்து 724 ரன் கொடுத்தது, வித்தியாசம் 149. பிரேவ்ஸ் 855 எடுத்து 743 கொடுத்தது, வித்தியாசம் 112. வெற்றிகளின் எண்ணிக்கையில் நான்கு குறைந்த அணி, ரன் வித்தியாசத்தில் பின்தங்கவில்லை, முந்தியிருந்தது. நெருக்கமான ஆட்டங்களைக் கடைசி இன்னிங்ஸ்களில் இழக்கும் அணியின் கணக்கு இப்படித்தான் அமையும். ஆகவே அக்டோபருக்குள் நுழைந்தபோது, பார்ப்பவர்கள் நினைத்ததைவிட நல்ல அணியாக அது இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

அக்டோபரில் மாறியது அட்டவணை. பயண நாள்கள் ஓய்வு நாள்களாகின்றன; ஐந்தாவது தொடக்கப் பிட்சருக்கு அவசியமே பெரும்பாலும் வருவதில்லை; ஓய்வாக இருக்கும் தொடக்கப் பிட்சரை மாற்றுப் பிட்சராகவும் இறக்கலாம். 162 ஆட்டப் பருவத்தில் இப்படிச் செய்தால் கைகள் தாங்காது. நான்கு வாரத்துக்குத் தாங்கும். ஜூலை இறுதியில் டொரொன்டோவிடமிருந்து வாங்கிய டேனியல் ஹட்சன், ஏற்கெனவே இருந்த ஷான் டூலிட்டில் ஆகிய இருவரைத் தவிர மற்ற மாற்றுப் பிட்சர்களை முக்கியமான தருணங்களில் முடிந்தவரை தொடவே கூடாது என்று மார்ட்டினெஸ் முடிவுசெய்தார்.

அக்டோபர் 1 அன்று மில்வாக்கி புரூவர்ஸுடன் வைல்ட் கார்டு ஆட்டம், அதாவது பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான ஒற்றை ஆட்டம்; தோற்றால் பருவம் அன்றே முடிந்துவிடும். ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸில் மூன்று ரன் கொடுத்தார். ஆறாவதில் வந்தவர் ஸ்ட்ராஸ்பர்க். மேஜர் லீக்கில் அதுவரை மாற்றுப் பிட்சராக அவர் வந்ததே இல்லை. மூன்று இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்லை. எட்டாவதில் நேஷனல்ஸ் 3-1 எனப் பின்தங்கியிருந்தபோது, மட்டையாளர்களைத் திணறடிப்பதில் அந்த ஆண்டு பெயர்பெற்றிருந்த ஜாஷ் ஹேடர் வந்தார். ஒருவர் மேல் பந்து பட்டது; அதற்காக அவருக்கு முதல் பேஸ், அதாவது ரன்னுக்கான ஓட்டத்தின் முதல் நிலை, கிடைத்தது. பதிலாளாக வந்த சிம்மர்மேன் உடைந்த மட்டையோடு ஒரு ஹிட் அடித்தார். ரெண்டோன் நான்கு பந்துகள் வெளியே போகும்வரை பொறுமையாக நின்று முதல் பேஸுக்கு நடந்தார். மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. சோட்டோ வலப்புறமாக அடித்த பந்தைப் பிடிக்க ஓடிவந்த இளம் வீரர் ட்ரென்ட் கிரிஷமின் கையிலிருந்து அது நழுவி ஓடியது. பேஸ்களில் நின்ற மூவரும் ஓடிவந்து ரன் எடுத்தனர். 4-3. ஒன்பதாவதை ஹட்சன் முடித்தார்.

அடுத்து 106 ஆட்டங்களை வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். தொடர் 2-2 என்று சமனாகி, ஐந்தாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 3-1 என முன்னிலையில் இருந்தது. ஏழாவது இன்னிங்ஸின் கடைசி அவுட்டுக்காகத் தங்கள் தலைமுறையின் மிகச் சிறந்த பிட்சரான கிளேட்டன் கெர்ஷாவை அழைத்தார்கள், அதை எடுத்தார். எட்டாவதிலும் அவரையே தொடரவிட்டார்கள். ரெண்டோன் ஹோம் ரன் அடித்தார். அடுத்த பந்திலேயே சோட்டோ இன்னொன்று அடித்தார். சமன். பத்தாவது இன்னிங்ஸில் சோட்டோவை வேண்டுமென்றே நடக்கவிட்டு, ஹோவி கென்ட்ரிக்கை எதிர்கொள்ள டாட்ஜர்ஸ் தீர்மானித்தது. முன்பு டாட்ஜர்ஸுக்கே ஆடியவர் கென்ட்ரிக், 36 வயது, அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி .344. மூன்று பேஸும் நிரம்பியிருக்க, ஜோ கெல்லியின் பந்தை நடுச்சுவருக்கு அப்பால் அனுப்பினார். 7-3. நான்கு முறை தடுத்து நிறுத்திய அந்த முதல் தொடரை அணி ஒருவழியாகத் தாண்டியது.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியுடனான லீக் இறுதித் தொடர் நான்கே ஆட்டங்களில் முடிந்தது. அதில் முதல் ஆட்டத்தில் சான்செஸ் எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும்வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை என்பது மட்டும் இங்கே போதும். தொடக்கப் பிட்சர்கள் அப்படி வீசினால் புல்பென்னுக்கு வேலையே இல்லை.

உலகத் தொடரில் எதிரணி 107 வெற்றி பெற்ற ஆஸ்ட்ரோஸ். வாஷிங்டன் நகரத்துக்கு 1933-க்குப் பிறகு இது முதல் உலகத் தொடர்; பட்டம் கடைசியாக வந்தது 1924-இல். இந்தத் தொடரில் ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே வென்றது. மேஜர் லீக்கில் ஏழு ஆட்டத் தொடர் எதிலும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஹூஸ்டனில் நேஷனல்ஸ் 5-4, 12-3 என இரண்டை வென்றது. சொந்த மண்ணில் மூன்றையும் 4-1, 8-1, 7-1 எனத் தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தின் காலையில் ஷெர்சரால் கழுத்து வலியால் கையைத் தூக்க முடியவில்லை; வீச வேண்டியவர் விலகினார்.

ஆறாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் இரண்டு ரன் கொடுத்தார். அடுத்து என்ன பந்து வரப்போகிறது என்பதை அவருடைய கையுறையின் அசைவே காட்டிக்கொடுக்கிறது என்று மென்ஹார்ட் கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கையுறையை ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓர் அவுட் எடுக்கும்வரை மேற்கொண்டு ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் டர்னர் முதல் பேஸுக்கு ஓடும்போது இடையூறு செய்தார் என்று நடுவர் அவுட் கொடுக்க, சர்ச்சை வெடித்தது; ஆட்டம் தொடர்ந்ததும் ரெண்டோன் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். 7-2. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு கையைக் காக்க உட்காரவைக்கப்பட்டவர்தான் இந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2012 முடிவு சரியா தவறா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தக் கை 2019-இல் வேலை செய்தது என்று மட்டும் சொல்லலாம்.

அக்டோபர் 30, ஏழாவது ஆட்டம். ஊசி போட்டுக்கொண்டு வந்த ஷெர்சர் ஒவ்வோர் இன்னிங்ஸிலும் பேஸ்களில் ஆள் நிற்க, தடுமாறித் தடுமாறி ஐந்து இன்னிங்ஸில் இரண்டு ரன்னோடு தப்பினார். எதிரே சாக் கிரெய்ன்கி ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் கொடுத்திருந்தார். ஏழாவதில் ரெண்டோன் ஹோம் ரன் அடித்தார், சோட்டோ நடந்தார். அப்போது எண்பது பந்துகளே வீசியிருந்த கிரெய்ன்கியை எடுத்துவிட்டு வில் ஹாரிஸை இறக்கினார்கள். கென்ட்ரிக் வெளிப்புறமாகத் தாழ்வாக வந்த பந்தை வலப்பக்க எல்லைக் கம்பத்தின் மேல் அடித்தார். கம்பத்தில் பட்டால் ஹோம் ரன். அதற்கு வெளியே போயிருந்தால் வெறும் ஃபவுல். 3-2. ஆறாவது இன்னிங்ஸிலிருந்து வீசியவர் கார்பின்: மூன்று இன்னிங்ஸ், ரன் இல்லை. 1924-இல் ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டனின் தொடக்கப் பிட்சர் வால்டர் ஜான்சனும் மாற்றுப் பிட்சராக வந்து கடைசி நான்கு இன்னிங்ஸ் வீசித்தான் அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்தார். ஒன்பதாவதில் ஹட்சன் மைக்கேல் பிரான்ட்லியை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 6-2.

அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிரிஷமின் கையிலிருந்து நழுவிய பந்து, கென்ட்ரிக்கின் பந்து பட்ட கம்பம் ஆகியவை நிச்சயமாக அதிர்ஷ்டம். ஆனால் அந்தத் தருணங்களில் ஆட்டம் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததற்கு ஸ்ட்ராஸ்பர்க் வீசிய மூன்று இன்னிங்ஸும் கார்பின் வீசிய மூன்று இன்னிங்ஸும் காரணம்; அவை திட்டமிட்ட செயல்கள். நிலைத்த பேரரசை அந்த அணி கட்டவில்லை என்பதும் உண்மை. ரெண்டோன் அந்தக் குளிர்காலத்திலேயே வேறு அணிக்குப் போனார். ஷெர்சரும் டர்னரும் 2021-இலும் சோட்டோ 2022-இலும் மாற்றப்பட்டார்கள். பெருந்தொற்றால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 பருவத்தில் நேஷனல்ஸ் 26-34 என்று முடித்தது. பட்டம் வென்ற 2019-இல் 60 ஆட்டங்கள் முடிந்த கட்டத்தில் அதன் கணக்கு 27-33. ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம். 2019-இல் அதற்குப் பிறகு இன்னும் 102 ஆட்டங்கள் மிச்சம் இருந்தன.